எந்த டன்? இரவுப் பணியில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

செய்தித்தாள் டெஸ்க்கில் உட்கார்ந்து, ஆங்கிலத்தில் வருவதை இரவோடு இரவாகத் தமிழாக்கிக்கொண்டிருக்கும் தம்பி தங்கையருக்கு,

உங்கள் நாற்காலியில் முப்பது ஆண்டுக்கு மேல் உட்கார்ந்திருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் காலையில் பேப்பரைப் பிரித்தால் கண் முதலில் எண்களிடம்தான் போகிறது. எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கும் அளவுச் சொல்லிடம் போகிறது. அப்படி நிற்கும் சொற்களில் ஒன்றே ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். டன்.

ஓர் ஆகஸ்டு மாதம், ஹிரோஷிமா நினைவு நாளுக்கான கட்டுரை என் கைக்கு வந்தது. ஆங்கிலக் காப்பியில் பதினைந்து கிலோ டன் என்று இருந்தது. ‘15,000 டன் எடையுள்ள அணுகுண்டு’ என்று எழுதிக் கொடுத்தேன். யார் கண்ணிலும் படாமல் அச்சேறிவிட்டது. பத்து நாள் கழித்து ஓர் அஞ்சலட்டை வந்தது. எழுதியவர் லாரி வைத்திருப்பவர். அவருடைய வண்டி பத்து டன் ஏற்றும், அப்படியானால் அந்தக் குண்டை ஏற்ற 1,500 வண்டி வேண்டும், அதை ஒரே விமானம் எப்படித் தூக்கிக்கொண்டு போனது என்று கேட்டிருந்தார். குற்றம் சாட்டும் தொனியே இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டிருந்தார். அந்த அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஹிரோஷிமாவில் விழுந்த குண்டின் எடை சுமார் 4,400 கிலோ. நாலரை டன்கூட இல்லை. பதினைந்து கிலோ டன் என்பது அது வெடித்தபோது வெளிப்பட்ட ஆற்றல். டிஎன்டி என்னும் வெடிமருந்தை 15,000 டன் குவித்து ஒருசேர வெடித்தால் எவ்வளவு ஆற்றல் வருமோ, ஏறத்தாழ அவ்வளவு. இந்தக் கணக்கில் ஒரு டன் என்பது நூறு கோடி கலோரி என்று வரையறுத்து வைத்திருக்கிறார்கள். ஆக, அந்த வாக்கியத்தில் இருந்த டன் எடையே அல்ல. அந்த லாரிக்காரர் தன் வண்டியை வைத்துப் போட்டுப் பார்த்த கணக்கை, எழுதிய நான் போட்டுப் பார்க்கவில்லை. என்ன டன் என்று கேட்க வேண்டும் என்று எனக்கே தோன்றவில்லை. எடைதான் என்று கை தானாக எழுதிவிட்டது.

அதற்குப் பிறகுதான் இந்தச் சொல்லைத் தோண்ட ஆரம்பித்தேன்.

டன் பிறக்கும்போதே எடையாகப் பிறக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் அது பீப்பாய். பிரான்சின் போர்தோவிலிருந்து இங்கிலாந்துக்குத் திராட்சை மது கப்பலில் வந்துகொண்டிருந்த காலத்தில், அந்த மது வந்த பெரிய பீப்பாய்க்கு அந்தப் பெயர். ஒரு பீப்பாய்க்கு 252 காலன். இன்றைய கணக்கில் 950 லிட்டருக்குச் சற்று மேல். ஒரு கப்பல் எத்தனை பீப்பாய் ஏற்றும் என்பதே அந்தக் கப்பலின் பருமனைச் சொல்லும் வழியாயிற்று. பீப்பாய்க்கு இவ்வளவு என்று அரசர்கள் தீர்வை வாங்கினார்கள். 1625இல் முதலாம் சார்லஸ் பட்டத்துக்கு வந்தபோது, முந்தைய அரசர்களுக்கு ஆயுள் முழுக்க வழங்கிய அந்தத் தீர்வை உரிமையை மக்களவை அவருக்கு ஒரே ஓர் ஆண்டுக்குத்தான் வழங்க முன்வந்தது. அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் மூண்ட பகையில் அந்தப் பீப்பாய்த் தீர்வைக்கும் பங்கு உண்டு. மது நிரம்பிய ஒரு பீப்பாய் 2,000 ராத்தலுக்கு (பவுண்டுக்கு) மேல் நிற்கும் என்பதால் அதே பெயர் பளுவுக்கும் ஒட்டிக்கொண்டது. பீப்பாய்க்கு ஓர் எழுத்துக்கூட்டு, எடைக்கு ஓர் எழுத்துக்கூட்டு என்று ஆங்கிலத்தில் பிரிந்தது பின்னால்தான்.

இதைப் படித்தபோது எனக்கு நம்முடைய ‘கலம்’ நினைவுக்கு வந்தது. கலம் பாத்திரம். கலம் கப்பல், மரக்கலம். கலம் நெல்லளவு, பன்னிரண்டு மரக்கால். பாத்திரமும் கப்பலும் அளவும் ஒரே சொல்லில் தங்கியிருப்பது நமக்குப் புதிதல்ல. கலம் நெல் என்றால் கொள்ளளவு என்றும், கலம் கரை சேர்ந்தது என்றால் கப்பல் என்றும் நம் பாட்டிமாருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் நிற்கும் சொல்லே சொல்லிவிடும். டன்னும் அப்படித்தான். பக்கத்தில் என்ன நிற்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

எடை என்று உறுதியான பிறகும் வேலை முடிவதில்லை. எடையிலேயே மூன்று டன் உண்டு. இங்கிலாந்தின் பழைய டன் 2,240 ராத்தல். பதினான்கு ராத்தல் ஒரு ஸ்டோன், எட்டு ஸ்டோன் ஓர் அந்தர், இருபது அந்தர் ஒரு டன் என்று பெருக்கினால் 2,240 வரும். கிலோவில் 1,016. அமெரிக்கர்கள் அந்தரை 112 ராத்தலாக வைத்துக்கொள்ளாமல் நூறாக வைத்துக்கொண்டார்கள். அதனால் அவர்களுடைய டன் 2,000 ராத்தல், அதாவது 907 கிலோ. மூன்றாவது மெட்ரிக் டன், 1,000 கிலோ. நாம் கரும்புக்கும் சிமென்டுக்கும் சொல்வது இதுதான்.

நூற்றுக்கு ஒன்றரையோ ஒன்பதோ வித்தியாசம் வந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று பன்னிரண்டு மணிக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியதுண்டு. அமெரிக்காவின் நிலக்கரிக் கணக்கு இன்றும் 907 கிலோ எடையுள்ள அந்த டன்னில்தான் வெளியாகிறது. ஒரு கோடி டன் என்று அவர்கள் சொன்னால் நம் கணக்கில் 90 லட்சத்து 70 ஆயிரம் டன். அதை அப்படியே எடுத்து இந்தியாவின் எண்ணுக்குப் பக்கத்தில் அட்டவணையில் வைத்தால், ஒன்பது லட்சம் டன்னுக்கு மேல் இல்லாத நிலக்கரியை நாமே வெட்டியெடுத்துக் கொடுத்ததாகிறது. பழைய ஆவணங்களிலிருந்து எழுதுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இந்தியாவில் மெட்ரிக் எடைச் சட்டம் 1956இல் வந்தது, 1958 அக்டோபரில் நடைமுறை தொடங்கியது. அதற்கு முந்தைய அரசாங்க அறிக்கைகளில் டன் என்றால் 2,240 ராத்தல் டன். அதே அறிக்கையில் மணங்கு என்று வந்தால் எந்த மாகாணம் என்று பாருங்கள். சென்னை மாகாணத்து மணங்கு எட்டு வீசை, 25 ராத்தல். வங்காளத்திலும் ரயில்வேயிலும் அதே சொல்லுக்கு 82 ராத்தல். பஞ்சம் பற்றிய ஒரு கட்டுரையில் இந்த இரண்டையும் கலந்துவிட்டால், வந்து சேர்ந்த தானியம் மூன்று மடங்குக்கு மேல் கூடும் அல்லது குறையும். அந்தத் தானியத்தை நம்பிக் காத்திருந்தவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய கணக்கைத் தப்பாக எழுத நமக்கு உரிமை இல்லை.

கப்பலுக்கு வருகிறேன். அதிகமாகத் தவறு நடக்கும் இடம் இதுதான்.

நம் ஊரில் மணல், ஜல்லி வாங்கியவர்களுக்கு ‘யூனிட்’ தெரியும். ஒரு யூனிட் நூறு கன அடி. அது எடை அல்ல, இடம். நூறு கன அடி மணல் நாலு டன்னுக்கு மேல் நிற்கும். அதே நூறு கன அடியில் பஞ்சை அடைத்தால் எடை எங்கோ இறங்கிவிடும். ஆனாலும் யூனிட் யூனிட்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1854இல் பிரிட்டனின் வணிகக் கப்பல் சட்டம், கப்பலின் உள்ளிடத்தை அளந்து நூறு கன அடிக்கு ஒரு டன் என்று பதிவு செய்யச் சொன்னது. அதாவது நம்முடைய ஒரு யூனிட் மணல் இடம், அங்கே ஒரு பதிவு டன். பீப்பாய் எண்ணிய காலத்துப் பழக்கத்தின் நீட்சி அது. டைட்டானிக் 46,328 டன் என்று படித்திருப்பீர்கள். அது கப்பலின் எடை அல்ல, இப்படி அளந்த உள்ளிடம். தண்ணீரில் மிதக்கும்போது அது ஒதுக்கித் தள்ளிய நீரின் எடை 52,310 டன். மிதக்கும் பொருளின் எடையும் அது ஒதுக்கும் நீரின் எடையும் சமம் என்பதால், கப்பலின் எடை என்று சொல்ல வேண்டுமானால் இந்த இரண்டாவது எண்ணைத்தான் சொல்ல வேண்டும்.

1969இல் நாடுகள் கூடி ஒப்பந்தம் செய்துகொண்டு, 1982 முதல் நூறு கன அடிக் கணக்கையும் மாற்றின. இப்போது ஆங்கிலத்தில் ஜி.டி. என்று வருவது கப்பலின் மொத்தக் கன அளவிலிருந்து ஒரு சூத்திரத்தால் பெறும் வெறும் எண். அதற்கு அலகே கிடையாது. 2024இல் பயணம் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் த சீஸ்’ என்ற உல்லாசக் கப்பலுக்கு அந்த எண் சுமார் 2,48,000. அமெரிக்காவின் ஜெரால்டு ஃபோர்டு விமானந்தாங்கிக் கப்பல் சுமார் ஒரு லட்சம் டன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, போர்க்கப்பலைவிட இரண்டரை மடங்கு கனமான உல்லாசக் கப்பல் என்று தலைப்புப் போடக் கை துறுதுறுக்கும். போடாதீர்கள். ஒன்று அடுக்கடுக்காக அறைகளும் கூடங்களும் நிரம்பிய இடத்தின் எண். மற்றொன்று நீரை ஒதுக்கும் எடை. போர்க்கப்பலுக்குப் பெரும்பாலும் நீரொதுக்கு எடைதான் சொல்வார்கள். பயணிகள் கப்பலுக்கு உள்ளிட எண். எண்ணெய்க் கப்பலுக்கும் தானியக் கப்பலுக்கும் எவ்வளவு ஏற்றலாம் என்ற பளு. காப்பியில் எது இருக்கிறது என்பதற்குப் பெரும்பாலும் ஒரு சொல் முன்னால் நிற்கும். அவசரத்தில் நாம் வெட்டுவது அந்த ஒரு சொல்லைத்தான்.

அடுத்தது உங்கள் தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருப்பது. கோடைக்காலத்தில் நம் இணைப்பிதழ்களில் ஏ.சி. வாங்குவது எப்படி என்று கட்டுரை வரும். ஒன்றரை டன் ஏ.சி. என்றால் என்ன என்று விளக்காமலே அந்தக் கட்டுரை முடிந்துவிடும். அல்லது எடையைப் போலத் தொனிக்கும்படி ஏதோ சொல்லி நகர்ந்துவிடும். இந்த டன் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் நீங்கள் அதை ஒருநாளும் விளக்காமல் விடமாட்டீர்கள்.

பாஸ்டன் நகரத்து வணிகர் ஃபிரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளிலிருந்து பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் வெப்ப நாடுகளுக்கு அனுப்பியவர். 1833இல் ‘டஸ்கனி’ என்ற கப்பல் 180 டன் பனிக்கட்டியோடு பாஸ்டனை விட்டுக் கிளம்பி நான்கு மாதம் கடலில் வந்து கல்கத்தாவை அடைந்தபோது, ஏறத்தாழ நூறு டன் உருகாமல் இருந்தது. சென்னையில் அவருடைய பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கடற்கரையில் ஒரு கட்டடம் எழும்பியது. அதுதான் ஐஸ் ஹவுஸ். 1897இல் விவேகானந்தர் தங்கிய கட்டடமும் அதுவே. இப்போது விவேகானந்தர் இல்லம். அந்தப் பகுதியை ஆட்டோக்காரரிடம் இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் சொல்கிறோம்.

பிறகு குளிரூட்டும் இயந்திரம் வந்தது. இயந்திரத்தை விற்க வந்தவர்களிடம், பனிக்கட்டி வாங்கிப் பழகியவர்கள் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான். இது ஒரு நாளைக்கு எத்தனை டன் ஐஸுக்குச் சமம்? அந்தக் கேள்விக்கான விடையே அலகாகிவிட்டது. ஒரு டன் பனிக்கட்டி இருபத்து நான்கு மணி நேரத்தில் உருகும்போது சுற்றிலுமிருந்து எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அதே வெப்பத்தை அதே நேரத்தில் ஓர் இயந்திரம் அறையிலிருந்து வெளியேற்றினால் அது ஒரு டன் இயந்திரம். டன் இங்கே அமெரிக்க டன், 2,000 ராத்தல். ஒரு ராத்தல் பனிக்கட்டி உருக 144 பி.டி.யு. வெப்பம் வேண்டும். 2,000 ராத்தலுக்கு 2,88,000. அதை இருபத்து நான்கால் வகுத்தால் மணிக்கு 12,000 பி.டி.யு. அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் அந்த எண் இப்படித்தான் வருகிறது. கிலோவாட்டில் சுமார் மூன்றரை. ஒன்றரை டன் என்றால் 18,000 பி.டி.யு. நம் படுக்கையறைச் சுவரில் ஒன்றரை டன் என்று சொல்லும்போது, நாம் பார்த்தேயிராத ஓர் அமெரிக்க ஏரியின் பனியைத்தான் எண்ணுகிறோம். சொன்னால் வாசகர் மறக்கமாட்டார். இரண்டு வாக்கியத்துக்கு இடம் இல்லை என்று சொல்லாதீர்கள்.

சுருக்கெழுத்துகள் பற்றி ஓர் எச்சரிக்கை. நெல் கொள்முதல், உணவு தானியக் கையிருப்பு பற்றிய அரசுக் குறிப்புகளில் எம்.டி. என்றால் மெட்ரிக் டன், எல்.எம்.டி. என்றால் லட்சம் மெட்ரிக் டன். அறிவியல் கட்டுரைகளில் அதே எழுத்துகள் வந்தால் பெரும்பாலும் மெகா டன், பத்து லட்சம் டன். ஒரே எழுத்துக்குள் பத்து லட்சம் மடங்கு வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. பருவநிலைச் செய்திகளில் இன்னொன்று. சில அறிக்கைகள் கார்பனை எண்ணும், சில கார்பன் டை ஆக்ஸைடை எண்ணும். 12 கிராம் கார்பன் எரிந்தால் 44 கிராம் கார்பன் டை ஆக்ஸைடு. ஆகவே ஒரு டன் கார்பன் என்பது சுமார் 3.67 டன் கார்பன் டை ஆக்ஸைடு. ‘கார்பன்’ என்று சுருக்கி எழுதும் பழக்கத்தை இந்த ஓர் இடத்தில் மட்டுமாவது விட்டுவிடுங்கள்.

அளவே இல்லாத டன்னும் ஆங்கிலத்தில் உண்டு. கிரிக்கெட்டில் டன் என்றால் நூறு ரன். நமக்குச் சதம் இருக்கிறது, அதை யாரும் தவறவிடுவதில்லை. பேச்சில் டன் டன்னாக என்றால் ஏராளம். தமிழில் டன் கணக்கில் குப்பை என்பது நன்றாகவே பழகிவிட்டது, குப்பைக்கு உண்மையிலேயே எடை இருப்பதால் அது பொருந்துகிறது. ஆனால் ‘டன் கணக்கில் அன்பு’ என்று சில மாதங்களுக்கு முன் ஒரு நேர்காணலில் படித்தேன். மனம் ஒப்பவில்லை. நமக்கு ஏராளத்தைச் சொல்லப் பொருளுக்குத் தக்க ஏற்பாடுகள் இருக்கின்றன. பூ கூடை கூடையாக வரும். நெல் மூட்டை மூட்டையாக வரும். வைக்கோல் வண்டி வண்டியாகப் போகும். பொய்யையும் மூட்டையில்தான் கட்டுகிறோம். அன்பை நாம் எடை போடுவதில்லை. செங்கல் ஒரு டன் மேலே விழுந்ததுபோலப் பாய்ந்தார் என்று ஆங்கிலக் காப்பியில் இருந்தால், ‘வறுத்தெடுத்துவிட்டார்’ என்று தமிழில் ஓர் ஆசிரியரோ அப்பாவோ செய்யும் காரியமாக அது மாறிவிட வேண்டும்.

‘டன்கள்’ பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது. 20 டன்கள் நெல், 300 டன்கள் குப்பை என்று நாள் தவறாமல் பார்க்கிறேன். நாம் மூன்று முழங்கள் பூ வாங்குவதில்லை, மூன்று முழம் பூ வாங்குகிறோம். ஐந்து படிகள் அரிசி என்று யாரும் சொல்வதில்லை, ஐந்து படி அரிசி. எண் முன்னால் வந்து நிற்கும்போது அளவுப் பெயருக்குக் ‘கள்’ வேண்டாம் என்பது நம் வாயில் ஊறிய வழக்கு. ஆங்கிலத்தின் பன்மை எழுத்தைப் பார்த்து நாம் ஒட்டவைத்ததுதான் அந்தக் கள். களத்துமேட்டில் நிற்கும் விவசாயி இருபது டன் என்கிறார், இருபது டன்னுக்கு விலை கேட்கிறார். அவருடைய தமிழ் சரி. பேப்பரின் தமிழ்தான் திருந்த வேண்டும். இலங்கைத் தமிழர்கள் டன்னைத் ‘தொன்’ என்று எழுதுகிறார்கள். கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வரும் செய்தியில் தொன் என்று இருந்தால் எழுத்துப்பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள், குறிப்பாக ஒருவர் சொன்னதை மேற்கோளாகப் போடும் இடத்தில்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். கப்பலின் உள்ளிட எண்ணுக்குத் தமிழில் நிலைத்த சொல் ஒன்று இல்லை. மொத்த டன்னேஜ் என்று எழுதுகிறோம், வாசகர் எடை என்றே படிக்கிறார். நான் ‘கலக்கொள்ளளவு’ என்று என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ‘ஐகான் ஆஃப் த சீஸ், கலக்கொள்ளளவு 2,48,000’ என்று எழுதிப் பார்த்தால் யாரும் தராசைத் தேடமாட்டார்கள் என்று நம்புகிறேன். கப்பலும் பாத்திரமும் நெல்லளவும் ஏற்கெனவே அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. துறைமுகச் செய்தி பார்க்கும் நண்பர்கள் இரண்டு மூன்று முறை இதை எழுதிப் பாருங்கள். நாக்கில் இடறுகிறதா, தலைப்பில் அடங்குகிறதா, மாலுமி ஒருவரிடம் சொன்னால் அவருக்குப் புரிகிறதா என்று எனக்கு எழுதுங்கள். இதைவிட நல்ல சொல் உங்கள் ஊரில் இருந்தால் என்னுடையதை அடித்துவிட்டு அதை எழுதிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவனாக இருந்தவன்